பள்ளத்தாக்கு வழி

புதன்கிழமை காலை, வேலைக்குப் போவதற்காக நிலக்சி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது முதல் செய்தி வந்தது.

"றொனிஷன்ர இன்சுலின் உறைஞ்சு போச்சு. ஒண்டும் மிச்சமில்லை. உதவிப் பொத்தானை அமத்திட்டன். நாங்கள் குடிலுக்குள்ளதான் இருக்கிறம். பயப்பட வேண்டாம்."

எழுதியது அவள் கணவன் சுபாங்கன். றொனிஷன் அவளுடைய ஒரே தம்பி. ஒன்பது வயதில் அவனுக்கு நீரிழிவு வந்தது. அன்றிலிருந்து இன்சுலின் ஊசி இல்லாமல் அவன் ஒரு நாளும் இருந்ததில்லை. குளிர்கால விடுமுறைக்கு இரண்டு பேருமாக நோர்வே மலைகளுக்குப் போயிருந்தார்கள். ஸ்கீயில் குடில் குடிலாகப் பயணம் செய்து ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். அங்கே போன் வேலை செய்யாது என்பதால் சுபாங்கன் உள்ளங்கையளவு செய்மதிக் கருவி ஒன்றை வாங்கித் தோளில் கொளுவிக்கொண்டு போயிருந்தான். அது பத்து நிமிடத்துக்கொரு முறை அவர்கள் நிற்கும் இடத்தை இணைய வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாகப் போடும். குட்டிச் செய்திகளும் அனுப்பலாம். சில உடனே போகும், சில மணிக்கணக்காக வானத்தில் தொங்கும்.

டென்மார்க்கில், அவர்கள் வசிக்கும் டோஸ்ட்ருப்பில் மழை தூறிக்கொண்டிருந்தது. நிலக்சி சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அவளுடைய அம்மா விமலராணி சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு மாலை வேலை. மகளின் முகத்தைப் பார்த்ததும் கேத்திலைக் கீழே வைத்தாள்.

"ஆருக்கு என்ன?"

நிலக்சி போனை நீட்டினாள். விமலராணி கண்ணாடியைத் தேடாமல் போனைத் தள்ளிப் பிடித்து வாசித்தாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

"கடைசியா எப்ப போட்டவன்?"

"தெரியாது. நேற்று இரவு போட்டிருப்பான்."

"அப்ப இண்டைக்குப் பின்னேரம் மட்டும்தான் அது நிக்கும்." விமலராணி இருபது வருடமாக வயது போனவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவள். "அதுக்குப் பிறகு உடம்பு நஞ்சாகத் தொடங்கும், பிள்ளை."

அடுத்த சில நிமிடங்களில் போன் அடித்தது, நோர்வே இலக்கம். பேசியது மாரித் என்ற பெண். அந்த மலைப்பகுதியின் மீட்புக் குழுவுக்குத் தலைவி. டேனிஷ் தெரிந்தவர்களுக்கு நோர்வேக்காரர் பேசுவது கொஞ்சம் கவனித்தால் புரிந்துவிடும். அன்று நிலக்சி ஒவ்வொரு சொல்லையும் கையால் பிடிப்பதுபோலக் கேட்டாள்.

நடந்தது இதுதான். முந்தைய நாள் புயலுக்குள் நெடுந்தூரம் வந்து குடிலை அடைந்தபோது இருவருக்கும் நிற்கவே பலமில்லை. முதுகுப் பைகளை வாசல் அறையிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பை மூட்டி, சாப்பிட்டு, படுத்துவிட்டார்கள். ஊசி போட்ட கையோடு றொனிஷன் மருந்துப் பையை மறுபடி முதுகுப் பையின் வெளிப்பொக்கற்றில் வைத்திருக்கிறான். வாசல் அறைக்குச் சூடு கிடையாது. காலையில் பார்த்தபோது பேனை வடிவ இன்சுலின் ஊசிகளின் கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் வெடித்திருந்தன.

"ஹெலிகொப்டர்?" நிலக்சி கேட்டாள்.

"முகில் தரைவரை இறங்கியிருக்கிறது. ஹெலியின் இறக்கைகளில் பனி உறையும். இப்போது எந்த விமானியும் எழும்பமாட்டார்."

"ஆட்கள் நடந்து போகமுடியாதா?"

"குடிலுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மேட்டு வழி. நீளமானது, ஆனால் சாய்வில்லை. அங்கே இப்போது ஆளைத் தூக்கி எறிகிற காற்று. மற்றது பள்ளத்தாக்கு வழி. வீதியிலிருந்து மூன்று மணித்தியாலம்தான். அதற்குள் நான் யாரையும் அனுப்பமாட்டேன்."

"ஏன்?"

மாரித் நிதானமாகச் சொன்னாள். தை மாதம் முழுவதும் அங்கே கடும் குளிர். அந்தக் குளிரில் பழைய பனியின் மேற்பரப்பு ஒட்டுப்பிடிக்காத மணிகளாக, சீனி கொட்டினதுபோல ஆகிவிட்டது. இப்போது அதன்மேல் புதுப்பனி ஒரு ஆள் இடுப்பளவுக்கு விழுந்திருக்கிறது. காற்று அதை அடித்து அடித்துப் பலகைபோல இறுக்கியிருக்கிறது. கீழே சீனி, மேலே பலகை. எங்கே தொட்டாலும் பலகை முறிந்து வழுக்கும்.

"சரிவில் ஏறாமல், அடியில் சமதரையால் நடந்தால்?"

"எல்லோரும் கேட்பது அதுதான்," மாரித் சொன்னாள். "அடியில் நடப்பவரின் பாரமே போதும். அந்தச் சீனிப்படை அவர் காலடியில் நொறுங்கத் தொடங்கினால், அந்த நொறுக்கம் மேல்நோக்கி ஓடும். தலைக்கு மேலே முழுச் சரிவும் கழன்று வரும். அவர்கள் குடிலுக்குள்ளேயே இருக்கட்டும். குடில் நிற்கிற இடம் பாதுகாப்பானது. காற்று கொஞ்சம் விட்டதும் மேட்டு வழியால் போகிறோம்."

மாரித்தோடு இருந்த வைத்தியரும் பேசினார். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், மாச்சாப்பாடு வேண்டாம், நடமாட வேண்டாம். நிலக்சி எல்லாவற்றையும் சுருக்கிச் செய்தியாக அனுப்பினாள். பதிலை றொனிஷனே எழுதினான்.

"அக்கா, நான் நல்லா இருக்கிறன். அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

"அம்மா பக்கத்திலதான் நிக்கிறா," என்று அவள் எழுதினாள்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. விமலராணியும் முதியோர் இல்லத்துக்குப் போன் பண்ணி வரமாட்டேன் என்றாள். இருவரும் கணினிக்கு முன்னால் இருந்தார்கள். நோர்வேயின் பனிச்சரிவு எச்சரிக்கைப் பக்கத்தில் அந்தப் பகுதி முழுவதும் சிவப்பாக இருந்தது. ஐந்தில் நான்காம் நிலை. வரைபடத்தில் சரிவுகளைச் செங்குத்துக்கு ஏற்ப நிறம் தீட்டியிருந்தார்கள். குடிலைச் சுற்றி வெள்ளை. அதற்குக் கிழக்கே ஒரு ஏரி. ஏரி முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கின் வாய். அதிலிருந்து வீதிவரை இரண்டு பக்கமும் செம்மஞ்சளும் சிவப்பும் நெருக்கிக்கொண்டு நின்றன. நடுவில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு. நிலக்சி பிறந்து வளர்ந்த நாட்டில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளவேண்டிய மேடுகூட அரிது. அவள் அந்த நிறங்களைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பின்னேரம் மாரித் மறுபடி அழைத்தாள். மேட்டு வழியால் புறப்பட்ட குழு பாதியில் திரும்பிவிட்டது. ஒருவரைக் காற்று விழுத்தி அவர் தோள்மூட்டு விலகிவிட்டதாம்.

"நாளை விடியமுன் மறுபடி முயற்சி செய்வோம்."

விமலராணி அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றாள், விளக்குக் கொளுத்தாமலே திரும்பினாள்.

"ஆர் இந்தப் பயணத்தை வெளிக்கிடுத்தினது?" என்று கேட்டாள்.

"அம்மா."

"இல்லை, கேக்கிறன். அவனுக்கு ஸ்கீ எண்டா என்னெண்டே தெரியாது. உன்ர மனுசன்தான் பழக்கினது. உன்ர மனுசன்தான் கூட்டிக்கொண்டு போனது."

"தம்பி முப்பது வயசுக்காரன். அவனாத்தான் போனவன்."

இரவு அவர்கள் இருவரும் தூங்கவில்லை. ஆனால் தூங்குவதாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

வியாழன் காலை வெளிச்சம் வருகிற நேரத்தில் செய்தி வந்தது.

"சத்தி நிக்கேல்ல. குடிக்கிற தண்ணியும் வெளியில வருது. மூச்சு ஓடிப்போய் வந்தமாதிரி வாங்குது. வாயில பழம் பழுத்த மணம்."

விமலராணி கண்ணை மூடினாள். அந்த மணம் அவளுக்குத் தெரியும், உடம்பு நஞ்சாகும் மணம்.

நிலக்சி உடனே மாரித்தை அழைத்தாள். குழு இருட்டோடு இருட்டாகப் புறப்பட்டுவிட்டது, இன்சுலினும் தாதி ஒருவரும் கூடப் போகிறார்கள், ஆனால் காற்று இன்னும் அடங்கவில்லை, எப்போது போய்ச் சேருவார்கள் என்று சொல்லமுடியாது என்றாள் மாரித். நிலக்சி அதைச் சுபாங்கனுக்கு எழுதினாள். அது போவதற்குள் அவனிடமிருந்து அடுத்தது வந்துவிட்டது.

"நேற்றும் வாறம் எண்டவை. வரேல்ல. நான் பள்ளத்தாக்கால இறங்கிப்போய் மருந்தை வாங்கிக்கொண்டு வாறன். தனி ஆள் எண்டா கெதியாப் போவன். மீட்புக்காரருக்குச் சொல்லாதயும், மறிப்பினம். நீர் சொல்லும். போகவா?"

நிலக்சி கடைசிச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் கட்டி நான்கு வருடத்தில் சுபாங்கன் அவளிடம் அனுமதி கேட்டு ஒன்றும் செய்ததில்லை. அவனும் பயந்திருக்கிறான் என்று அவளுக்கு விளங்கியது.

விமலராணி அவள் தோளுக்கு மேலால் வாசித்திருந்தாள்.

"போகச் சொல்லு," என்றாள்.

நிலக்சி திரும்பிப் பார்த்தாள்.

"மூண்டு மணித்தியாலம். சுகமா இருக்கிற ஆம்பிளை. பழகின ஆள். போகச் சொல்லு, பிள்ளை."

"அம்மா, அந்த மனுசி நேற்றுச் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையா? அவையே அதுக்குள்ள போகமாட்டம் எண்டு நிக்கினம்."

"அவைக்கு அது வேலை. அவை தங்கட ஆக்களைப் பாக்கத்தான் வேணும். எனக்குப் பிள்ளை." விமலராணியின் குரல் உயரவில்லை. "அவன்ர மூச்சு அப்பிடி வாங்குதெண்டா எவ்வளவு நேரம் இருக்கெண்டு எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கிறன். பனி விழுமோ விழாதோ, அது ஆருக்கும் தெரியாது. இது தெரிஞ்ச விசயம்."

"அவர் என்ர புருசன்."

"அவன் உன்ர தம்பி. கூட்டிக்கொண்டு போனவர்தான் கொண்டுவந்து சேர்க்கவேணும்."

நிலக்சிக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அம்மா சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் றொனிஷன் மயங்கி விழும்போதெல்லாம் ஆசிரியர்கள் மற்ற வகுப்பிலிருந்து அவளைத்தான் கூட்டிவருவார்கள். அவன் வாயைத் திறந்து சீனித்தண்ணீர் பருக்கியது அவள்தான். இப்போது அவன் அங்கே, பக்கத்தில் வைத்த வாளிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்கிறான்.

அவள் திரையில் எழுதினாள்: "போகாதேங்கோ. அடியில நடந்தாலும் மேலயிருந்து வரும். ஆக்கள் வெளிக்கிட்டிட்டினம். அவனோட இருங்கோ."

விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது. இதை அனுப்பி, சுபாங்கன் குடிலிலேயே இருந்து, றொனிஷன் செத்துப்போனால்? அனுப்பாமல் விட்டு, சுபாங்கன் போய், வராமலே விட்டால்? இரண்டுக்கும் பிறகு அவள் இதே வீட்டில், இதே அம்மாவோடுதான் இருக்கவேண்டும்.

விமலராணி கையை நீட்டிப் போனின் திரையை மறைத்தாள். பறிக்கவில்லை. மெல்ல மூடினாள், அவ்வளவுதான்.

"அனுப்பாத, நிலக்சி. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

நிலக்சி அந்தக் கையை விலக்கினாள். அம்மாவின் விரல்கள் ஈரமாக, குளிர்ந்திருந்தன. அவள் பொத்தானை அமத்தினாள்.

திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. 'சேர்ந்தது' என்று வரவில்லை.

விமலராணி எழும்பிப் போய் யன்னலடியில் நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நிலக்சி மாரித்தை அழைத்துச் சுபாங்கன் எழுதியதைச் சொன்னாள். மாரித் ஏதோ ஒரு வசைச்சொல்லைப் பல்லுக்குள் கடித்தாள். தாங்களும் செய்தி அனுப்புவதாகச் சொன்னாள்.

அதற்குள் வரைபடத்தில் ஒரு புதுப் புள்ளி விழுந்தது. குடிலுக்கு வெளியே, ஏரிப் பக்கமாக.

"அவர் வெளிக்கிட்டிட்டார்," என்றாள் நிலக்சி.

விமலராணி திரும்பவில்லை.

அடுத்த புள்ளி ஏரியின் நடுவில். அடுத்தது ஏரியின் மறுகரையில். அவன் வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். நிலக்சி மறுபடி எழுதினாள், "திரும்புங்கோ." மறுபடி, "திரும்புங்கோ." ஒன்றும் சேரவில்லை. எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அனுப்பப்பட்ட செய்திகளாக அடுக்கி நின்றன. கருவியை அவன் சட்டைக்குள் வைத்திருக்கலாம், முகில் தடிப்பாக இருக்கலாம், என்னவும் இருக்கலாம்.

அதற்கடுத்த புள்ளி பள்ளத்தாக்கின் வாயில் விழுந்தது. வெள்ளை முடிந்து செம்மஞ்சள் தொடங்குகிற இடம்.

பிறகு ஒன்றும் வரவில்லை.

அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள். இன்னும் புதுப்பித்தாள். ஒரு புள்ளி தவறலாம் என்று தனக்குச் சொன்னாள். நேற்றும் இரண்டொன்று தவறியதே. ஆனால் அதற்கடுத்ததும் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வெளியில் ஒரு நகர ரயில் நிலையப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. மேல்வீட்டில் யாரோ தூசி உறிஞ்சியை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள்.

"என்ன பிள்ளை?" விமலராணி யன்னலடியிலிருந்து கேட்டாள்.

"புள்ளி நிண்டுபோச்சு."

"எவடத்தில?"

நிலக்சி திரையை அவள் பக்கம் திருப்பினாள். விமலராணி வந்து பார்த்தாள். வரைபடம் வாசிக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் நேற்று முழுவதும் மகளோடு இருந்து பார்த்ததால் நிறம் என்னவென்று தெரியும். அவள் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தாள். ஒருமுறை விமலராணி வாயைத் திறந்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரித்தின் அழைப்பு வந்தபோது நிலக்சி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எங்கள் குழு மேட்டின் உச்சியைத் தாண்டிவிட்டது. காற்று குறைகிறது. ஆனால் வேறொன்றும் சொல்லவேண்டும். பள்ளத்தாக்கில் பெரிய பனிச்சரிவு ஒன்று இறங்கியிருக்கிறது. வீதியில் நின்றவர்கள் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். பனித்தூள் வீதிவரை வந்தது."

நிலக்சிக்குச் சொற்கள் விளங்கின. அவற்றைச் சேர்த்துப் பொருளாக்க மனம் மறுத்தது.

"அவர் அங்கேதான் நின்றார்," என்றாள். "பள்ளத்தாக்கின் வாயில். கடைசிப் புள்ளி அங்கேதான்."

"தெரியும். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"அப்படியென்றால் குழுவை அங்கே அனுப்புங்கள். தோண்டவேண்டும் அல்லவா? நேரம் போனால்..." எங்கோ வாசித்திருந்தாள். புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் நம்பிக்கை விறுவிறென்று குறைந்துவிடும் என்று.

மறுமுனையில் மாரித் மூச்சு இழுப்பது கேட்டது.

"நிலக்சி, நான் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பள்ளத்தாக்கின் மற்றப் பக்கச் சரிவு இன்னும் கழலாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே என் ஆட்களை நான் விடமாட்டேன். குழு முதலில் குடிலுக்குப் போகும். அங்கே உயிரோடு ஒருவர் இருக்கிறார். அவருக்கு மருந்து கொடுக்கவேண்டும். முகில் விலகினால் ஹெலி மேலே இருந்து தேடும். இப்போது என்னால் செய்யக்கூடியது இவ்வளவுதான்."

அழைப்பு முடிந்தது. நிலக்சி கதிரையிலிருந்து நழுவித் தரையில் இருந்துவிட்டாள். மேசைக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

விமலராணிக்கு நோர்வேப் பேச்சு பாதிதான் விளங்கும். ஆனால் விளங்கியது போதுமாக இருந்தது. அவள் மகளுக்குப் பக்கத்தில் தரையில் வந்து இருந்தாள். அவளைத் தொடலாமா என்று தெரியாமல் இரு கைகளையும் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்..." என்று தொடங்கினாள்.

"கதைக்காதேங்கோ அம்மா. இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ."

அப்படியே இருந்தார்கள். தன் தம்பிக்கு மருந்து போய்ச் சேரவேண்டுமென்று நிலக்சி ஒரு கணம் வேண்டினாள். மறுகணம், அந்தக் குழு திரும்பிப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டுமென்று வேண்டினாள். இரண்டையும் ஒரே வாயால் வேண்டுவது யாரிடம் என்று தெரியவில்லை.

போன் அடித்தபோது அவள் எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை. விமலராணி எடுத்தாள். "ஓம்... யா," என்றாள் இரண்டு மொழியிலும். கேட்டாள். முகம் மாறவில்லை. "மறுபடி சொல்," என்றாள் டேனிஷில். பிறகு போனை மகளின் காதில் வைத்து அமத்தினாள்.

"குடிலில் இரண்டு பேர்," மாரித்தின் குரல் கரகரத்தது. "கேட்கிறதா? இரண்டு பேர் இருக்கிறார்கள். உன் கணவர் திரும்பிப் போயிருக்கிறார். தாதி உன் தம்பிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். நிலை மோசம்தான், ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கிறான்."

மத்தியானம் முகிலில் ஒரு ஓட்டை விழுந்தது. ஹெலி அதனூடாக இறங்கி இருவரையும் ஏற்றிக்கொண்டு கரையோர நகரத்து வைத்தியசாலைக்குப் பறந்தது. றொனிஷனை அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். சனிக்கிழமை அவனால் எழும்பி இருக்கமுடிந்தது.

சுபாங்கன் வைத்தியசாலைப் போனிலிருந்து வியாழன் பின்னேரமே அழைத்தான். முதலில் நெடுநேரம் இருவரும் அழுதார்கள். பிறகு அவன் சொன்னான்.

ஏரியைத் தாண்டிப் பள்ளத்தாக்கு வாயில் கால் வைத்ததும் காலடியில் பனி ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. 'வும்' என்று, பெரிய மெத்தையில் யாரோ விழுந்ததுபோல ஒரு சத்தம். அது என்ன சத்தமென்று அவனுக்குத் தெரியும். வார இறுதி வகுப்பொன்றில் படித்திருந்தான். அந்தச் சத்தம் கேட்டால் வந்த தடத்திலேயே உடனே திரும்பவேண்டும் என்று.

"ஆனா நான் திரும்பேல்ல, நிலா. றொனிஷன்ர மூச்சுத்தான் காதில கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனன். ரெண்டாவது தரமும் அது இறங்கினது. என்ர ஸ்கீ நுனியிலயிருந்து ஒரு வெடிப்பு, கோடு கீறினமாதிரி, மலைப் பக்கம் ஓடினது. நான் நிண்டிட்டன். போகவும் ஏலாது, வரவும் ஏலாது. அப்பிடி நிக்கேக்கதான் மேல ஒரு பக்கம் முழுக்கக் கழண்டது. எனக்கு முன்னால, நான் போகவேண்டிய வழியால, எல்லாம் போனது. காத்தடிச்சு என்னை விழுத்திப்போட்டுது. வாயெல்லாம் பனித்தூள். மூச்செடுக்க ஏலாமக் கிடந்தன். கருவி எங்க போய் விழுந்ததெண்டு தெரியாது. எழும்பி ஓடி வந்திட்டன்."

"நான் அனுப்பின மெசேஜ்?"

"என்ன மெசேஜ்?"

நிலக்சி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஒண்டும் வரேல்ல," என்றான் அவன். "நீர் பதில் சொல்லுவீர் எண்டு கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு வெளிக்கிட்டிட்டன். என்ன எழுதினீர்?"

"வந்த பிறகு சொல்லுறன்," என்றாள் அவள்.

அடுத்த வாரம் புதன்கிழமை அவர்கள் விமானத்தில் வந்தார்கள். நிலக்சியும் விமலராணியும் கஸ்ட்ருப் விமான நிலையத்தில் வருகை வாசலுக்கு எதிரே நின்றார்கள். இந்த நாட்களில் அம்மாவும் மகளும் சாப்பாட்டைப் பற்றியும், மருந்தைப் பற்றியும், விமான நேரத்தைப் பற்றியும் மட்டுமே கதைத்திருந்தார்கள். யாரோ குட்டி டேனிஷ் கொடிகளை ஆட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நின்றார்கள்.

"நிலக்சி," என்றாள் விமலராணி, வாசலைப் பார்த்தபடி. "நீ அண்டைக்கு அனுப்பினது சரியெண்டு எனக்கு இப்பவும் சொல்ல வருதில்லை."

"சொல்ல வேண்டாம் அம்மா."

"என்ர பிள்ளை உயிரோட வந்திட்டான், உன்ர மனுசனும் வந்திட்டார். அப்பிடியிருந்தும் வருதில்லை. நான் என்ன மாதிரியான ஆள்?"

நிலக்சி யோசித்தாள். "எனக்கும் அதை அனுப்பினதிலயிருந்து நித்திரை இல்லை," என்றாள். "தம்பிக்கு என்னமும் நடந்திருந்தா நான் உங்கட முகத்தைப் பாத்திருக்கமாட்டன்."

கதவு திறந்தது. றொனிஷன் ஐந்தாறு கிலோ குறைந்து, சட்டைக்குள் தொளதொளவென்று வந்தான். சுபாங்கன் ஸ்கீப் பைகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான். காற்றுப் பட்ட அவன் கன்னத்தில் கறுத்த தோல் உரிந்துகொண்டிருந்தது.

விமலராணி மகனை இழுத்து நெஞ்சோடு அணைத்தாள். அவனை விடாமலே, அவன் தோளுக்கு மேலால் மருமகனைப் பார்த்தாள்.

"தம்பி, உங்களுக்கு ஒண்டு தெரியவேணும். உங்களைப் போகச் சொல்லி நிண்டது நான். மறிச்சது நிலக்சி. அவளின்ர மெசேஜ் உங்களுக்கு வந்து சேரேல்ல, அவ்வளவுதான்."

சுபாங்கன் கைவண்டியை நிறுத்தினான். மனைவியைப் பார்த்தான். அவள் ஓமென்று தலையை ஆட்டினாள்.

"மாமி," என்றான் மெதுவாக, "அது வந்து சேர்ந்திருந்தாலும் நான் போயிருப்பன் எண்டுதான் நினைக்கிறன். உங்கட மகனை அப்பிடிப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சு."

றொனிஷன் அம்மாவின் பிடியிலிருந்து விலகினான். "அக்கா, நீங்கள் அத்தானைப் போகவேண்டாம் எண்டே சொன்னீங்கள்?"

"ஓம்," என்றாள் நிலக்சி.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கொடி ஆட்டியவர்கள் யாரையோ கண்டு கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தவன்போல, பிறகு டேனிஷில் சொன்னான்:

"நானும் அதைத்தான் சொல்லப் பார்த்தேன். வாயைத் திறந்தால் சத்திதான் வந்தது. கதவை இழுத்து மூடிக்கொண்டு இவர் போன பிறகு, அந்தக் குடிலில் தனியாகக் கிடந்து நான் பயந்தது என்னை நினைத்து இல்லை."

சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. சுபாங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு கிழமையாக அழாத விமலராணி, விமான நிலையத்தின் நடுவில், அத்தனை சனத்துக்கு முன்னால், வாய்விட்டு அழத் தொடங்கினாள். நிலக்சி போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பற்றினாள்; இந்தமுறை நிலக்சி அதை விலக்கவில்லை. ஆட்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.